ஒருவரும் வெளிக்கிட வேண்டாம்

1

போன மாதம் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போது என் மனுசன் வாட்சப்பில் வந்தார். அவர் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஆனி மாதம் பிறந்தால் யாராவது ஒருவர் அவரை எனக்கு அனுப்பிவைப்பார். பக்கத்தில் இருந்த பிலிப்பினோக்காரி எட்டிப் பார்த்து, நல்ல வடிவான ஆள், உன் தம்பியா என்று கேட்டாள். கணவர் என்றேன். அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினாள். அந்தப் படத்தில் அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. நான் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வேலைக்கு வருகிறவள்.

நான் வேலை செய்வது விமானங்களுக்குச் சாண்ட்விச் சுற்றும் தொழிற்சாலையில். ரொறன்ரோவின் மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். எங்கள் வரிசையில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். வலைத்தொப்பி போட்டால் எல்லோரும் ஒரே ஆள்தான். அதனால் குரலை வைத்துத்தான் இன்னார் என்று பிடிப்போம்.

வந்தது ஒரு விளம்பரம். எங்கள் ஊர் ரோட்டில் நடந்த சண்டையின் வெற்றி நாளை நினைவுகூருகிறார்களாம், சனிக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். நடுவில் என் மனுசன் தவராசாவின் படம். கீழே, வெற்றிச் சமரில் போராளிகளுக்குத் துணைநின்று களத்தில் வீழ்ந்தவர் என்று எழுதி, அந்த வெற்றி நாளின் தேதியையும் போட்டிருந்தார்கள்.

அது எங்கள் கலியாணப் படம். என்னை வெட்டிவிட்டார்கள். அது போகட்டும், நான் உயிரோடுதான் இருக்கிறேன். அவருடைய கழுத்து மாலையையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுப் பின்னால் நெருப்பும் புகையுமாக ஒரு வானத்தைப் போட்டிருந்தார்கள். தாலி கட்டிய சந்தோசத்தில் சிரித்த மனுசன், இப்போது நெருப்பைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

அவர் போராளிகளுக்குத் துணையாக நின்றவர் அல்ல. களத்தில் வீழ்ந்தவரும் அல்ல. அந்தத் தேதியில் அவர் உயிரோடு இருந்தார், மத்தியானம் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டார், குழம்பில் புளி கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

விளம்பரத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மகள் ஆரணி ஆங்கிலத்தில் உரையாற்றுவார். உரையின் சாரத்தைத் தமிழில் தருபவர் சிறி.

சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு மகளுக்குப் போன் அடித்தேன்.

"அம்மா, ஐ வாஸ் கோயிங் ரு ரெல் யூ. சிறி அங்கிள் கேட்டவர். யங் பீப்பிளுக்கு இங்கிலீசிலை அப்பாவைப் பற்றி ஒரு அஞ்சு நிமிசம். அவ்வளவுதான்."

"அப்பாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"அங்கிள் பொயிண்ட்ஸ் எழுதித் தந்தவர்," என்றாள்.

என் பிள்ளைக்குத் தகப்பனைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் சிறி அண்ணை. எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் முழுக்க நான் சுற்றிய சாண்ட்விச்சுகள் எந்த விமானத்தில் போனதோ, சாப்பிட்டவர்கள் பாவம்.

2

சண்டை நடந்த இடத்தை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்வேன். பெரிய குளம் ஒன்று. குளத்துக்குப் பின்னால் எங்கள் ஊர். ஊரில் இருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒரே ஒரு கிறவல் ரோட்டு, இரண்டு பக்கமும் பற்றைக் காடு, நடுவில் ஒரு மதகு. வேறு வழி கிடையாது. அந்த மதகு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் எங்கள் உயிரும்.

என் மனுசன் தவத்திடம் ஓர் உழவு மெசினும், அதன் பின்னால் கொளுவி இழுக்கிற பெட்டியும் இருந்தன. வயல் உழுவார், மணல் ஏற்றுவார், திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போவார். சிறி அண்ணை எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஆயுதம் தூக்கியவர் அல்ல. பெடியள் என்று நாங்கள் சொல்லுகிற போராளிகளுக்கும் சனத்துக்கும் இடையில் நின்று கதைக்கிறவர். ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அறிவிப்புச் சொல்வது அவர்தான். நல்ல குரல், பொய் சொன்னாலும் நம்பலாம் போல இருக்கும்.

இலங்கை ஆமி குளக்கட்டுப் பக்கத்தால் வந்து மதகைப் பிடிக்கப் பார்த்தது. பெடியள் விடவில்லை. நாங்கள் பங்கருக்குள் கிடந்தோம். ஆரணி அப்போது கைக்குழந்தை, சத்தம் கேட்டு அழுது அழுது தொண்டை கட்டிப்போனாள். கடைசியில் ஆமி பின்வாங்கியது. அதுதான் வெற்றி நாள். அது பொய்யில்லை, நடந்தது. ஓட்டோ வந்தது, பாட்டுப் போட்டார்கள், சின்னப்பிள்ளைகளுக்கு டொபி கொடுத்தார்கள். நானும் சந்தோசப்பட்டவள்தான்.

அடுத்த நாள் காலை சிறி அண்ணை எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"தவம், வசந்திக்கு இழுப்புக் கூடிப்போச்சு. ஆசுப்பத்திரிக்குக் கிட்ட இருந்தால் நல்லது. பிள்ளையளையும் சேர்த்து ஏத்திக்கொண்டு போய் விட்டிட்டு வாறியே?"

அவர் பெண்சாதி வசந்தி அக்காவுக்கு மூச்சிழுப்பு இருந்தது உண்மை. ஆனால் பெட்டியில் ஏறியது அவரும் பிள்ளைகளும் மட்டும் அல்ல. தையல் மெசின், கட்டில், அரிசி மூட்டை, சாமிப்படங்கள் எல்லாம் ஏறின. ஆசுப்பத்திரிக்கு யார் சாமிப்படம் கொண்டு போவது? நான் தவத்தை உள்ளே கூப்பிட்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கோ என்றேன். அவர் வெளியே போய்க் கேட்டார்.

"ரோட்டு எங்கட கையிலைதானே," என்றார் சிறி அண்ணை. "இண்டைக்கு எல்லாரும் வெளிக்கிட்டால் சனம் பயந்திடும். நாளைக்கு ஆறுதலா ஏத்து. நான் சொல்லுறன்."

தவம் அவர்களைக் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டுக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு எங்களுக்காகத் திரும்பி வந்தார். அன்று பின்னேரம் ஓட்டோ மறுபடியும் ஊரைச் சுற்றியது. ரோட்டு எங்கள் கையில் இருக்கிறது, ஒருவரும் வெளிக்கிட வேண்டாம், ஒருவரும் வெளிக்கிட வேண்டாம் என்று சிறி அண்ணையின் குரல் குளக்கட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அறிவித்து முடித்துவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் பெரிய ரோட்டுப் பக்கம் போனார். போனவர் திரும்பவில்லை.

விடிய எழும்பிப் பார்த்தால் மதகடியில் ஒருவரும் இல்லை. பெடியள் இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. வானத்தில் தலைக்கு நேரே அரை நிலா நின்றது. அந்த நிலாவின் கீழேதான் தவம் எங்களையும் அயலட்டைச் சனத்தையும் பெட்டியில் ஏற்றினார். மதகு தாண்டும்போது ஆமியின் ஷெல் ரோட்டில் விழுந்தது. தவம் இருக்கையில் இருந்து தூக்கி எறியப்பட்டார். பிள்ளையோடு நான் கீழே குதித்தேன். யாரோ என் கையைப் பிடித்துக் காட்டுக்குள் இழுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது மெசின் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்க எங்களால் முடியவில்லை.

ஷெல் அடித்தவன் எதிரி. அவன் அதைத்தான் செய்வான், அவனைப் பற்றி எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் என் படலையில் வந்து நின்று, தன் பெண்சாதி பிள்ளைகளை என் மனுசனின் மெசினில் ஏற்றி அனுப்பிவிட்டு, எங்களைக் காத்திருக்கச் சொன்னவர் எதிரி அல்ல. அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

3

நான் ஏன் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் பேப்பர்.

பிள்ளையோடு ரொறன்ரோ வந்து இறங்கியபோது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டிடத்தில் அறை கிடைத்தது. அந்த அறையை எடுத்துத் தந்தவர் எங்களுக்கு முன்பே வந்திருந்த சிறி அண்ணை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆரணிக்குக் காய்ச்சல் என்றால் பனிக்குள் கார் கொண்டு வந்து ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போவார். முதல் வேலையும் அவர் பிடித்துத் தந்ததுதான். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓட்டோ என் காதுக்குள் ஓடும். ஆனாலும் அவர் கொண்டு வந்த பாலை என் பிள்ளை குடித்தாள்.

அகதிக் கோரிக்கை விசாரணையில் கணவர் இறந்தது எப்போது என்று கேட்டார்கள். ஆனித் தேய்பிறை அட்டமி என்றேன். விடியப்புறம் உச்சியில் அரை நிலா நின்றால் அது தேய்பிறை அட்டமி, எங்கள் ஊரில் அதற்கு ஐயரைக் கேட்கவேண்டிய தேவை இல்லை. மொழிபெயர்த்தவர் என்னைப் பார்த்து, தேதியைச் சொல்லுங்கள் அம்மா என்றார். எனக்குத் தேதி தெரியாது. காடு காடாக ஓடிய நாட்களில் யார் கலண்டர் கொண்டு திரிந்தது? நிலா எப்படி நின்றது என்று கையால் காட்டினேன். அவர் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ, மேசைக்கு அங்கால் இருந்த பெண்மணி என் மனநிலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். சிறி அண்ணை, தான் சாட்சிக்குச் சத்தியக் கடதாசி எழுதித் தருவதாகச் சொன்னார்.

"வெற்றி நாளைத்தான் போடவேணும் பவானி. அது ரேடியோவிலை, பேப்பரிலை எல்லாம் வந்தது. காட்டலாம். மற்றதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

"அண்டைக்கு அவர் உயிரோடை இருந்தவர் அண்ணை."

"அது எனக்கும் தெரியும். இது வெள்ளைக்காரனுக்கு. நீர் உம்மடை பாட்டுக்குத் திதியைப் பார்த்துத் திவசம் குடும்."

கையெழுத்துப் போட்டேன். பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எதற்கும் போட்டிருப்பேன். அன்றிலிருந்து என் மனுசனுக்கு இரண்டு சாவு. கனடா அரசாங்கத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வெற்றி நாளில் செத்தார் என்று எழுதியபடியால், அதற்குப் பிறகு நடந்த எதையும் யாரும் கேட்கவில்லை. காலி மதகு இல்லை, ஓட்டோ இல்லை, பெட்டியில் ஏறிய தையல் மெசின் இல்லை. அந்தத் தேதி எனக்கு உதவி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது யாருக்கு உதவி என்று விளங்கப் பல வருடம் எடுத்தது. விளங்கின பிறகும், தேதி பிழை என்று சொன்னால் பொய் சொல்லி வந்தவள் என்று என்னைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் விடவில்லை.

4

விளம்பரம் வந்த கிழமையே சிறி அண்ணை வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் வீடு வாங்கி விற்கிற தொழில். பஸ் தரிப்பிட வாங்குகளின் முதுகில் ஒட்டிய விளம்பரத்தில் அவருடைய சிரிப்பு இருக்கிறது, சில நாட்கள் மழைக்கு நான் அதில்தான் சாய்ந்து நிற்பேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வாரும் பவானி, விளம்பரம் பார்த்தனீரோ, எப்படி இருக்கு என்றார்.

"தேதி பிழை அண்ணை. அவரைப் பற்றி எழுதினதும் பிழை. உங்களுக்குத் தெரியும்."

சிரிப்பு அப்படியே இருந்தது. "அவரை நாங்கள் பெருமைப்படுத்துறம். உமக்கு என்ன குறை?"

"ஆரணி மேடையிலை அதைச் சொல்லக் கூடாது. அவளுக்கு அப்பாவை ஞாபகமே இல்லை. நீங்கள் எழுதிக் குடுக்கிறதுதான் இனி அவளுக்கு அப்பா. அவர் சண்டைக்குப் போகேல்லை. உங்கட குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டிட்டு எங்களுக்காகத் திரும்பி வந்தவர். அதைச் சொல்லட்டும்."

அவர் எழும்பிப் போய்ச் சாளரத்தைச் சாத்தினார். வெளியே புல் வெட்டுகிற சத்தம் நின்றது.

"எனக்கும் மேலையிருந்து சொன்னதைத்தான் நான் சொன்னனான். உதுகளை இப்ப கிளறி ஆருக்கு லாபம்? எங்கட ஊத்தையை நாங்களே வெளியிலை காட்டினால் எங்களை அழிச்சவன் கைதட்டிச் சிரிப்பான். நீர் அதுக்கு வழி செய்யப் போறீரோ?"

இந்தக் கேள்வியின் பலம் அவருக்குத் தெரியும். எத்தனையோ பேரின் வாயை மூடிய கேள்வி. அந்த நேரம் வசந்தி அக்கா தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொண்டு வந்து வைத்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அவர்தானே உங்களை ஏத்திக்கொண்டு போனவர்? பிள்ளையளைத் தூக்கி இறக்கினவர்?"

வசந்தி அக்கா தட்டத்தைத் துடைத்தார். அது ஏற்கனவே துடைத்த தட்டம்.

"எனக்கு அந்த நேரத்து ஒண்டும் ஞாபகமில்லை பவானி. எனக்கு அப்ப நல்ல இழுப்பு."

சிறி அண்ணையிடம் நான் எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் வசந்தி அக்கா அப்படிச் சொல்லுவார் என்று நினைக்கவில்லை. அவருடைய மூத்த மகள் இன்று பல் வைத்தியர். தவத்தின் தோளில் இருந்து இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை அது. தேத்தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த சீனக் கிழவர் எதுவும் கேட்காமல் ஒரு கடதாசித் துவாயை நீட்டினார். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

5

திதி வருடா வருடம் முன்னுக்குப் பின் போகும். இந்த முறை விழாவுக்கு முந்திக்கொண்டு புதன்கிழமை வந்தது. மண்டபம் சனிக்கிழமைதான் கிடைக்கும், அதனால் இங்கே வெற்றிகளும் சாவுகளும் சனிக்கிழமைகளில்தான் வரும். அட்டமி அப்படி நகராது. நான் லீவு போட்டேன்.

ஆரணியை வரச் சொல்லியிருந்தேன். அவள் இப்போது நகரத்துக்குள் இருக்கிறாள், சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில். நான் எந்த இடத்தை விட்டு ஓடிவர இரவும் பகலும் வேலை செய்தேனோ, அங்கேதான் போய் ஆசையோடு இருக்கிறாள். திவசம் என்றால் அவளுக்குச் சைவச் சாப்பாடு, அவ்வளவுதான். வேலை லாப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

காலையில் மோர்னிங்சைட் பக்கம் உள்ள தமிழ்க் கடைக்குப் போனோம். நல்ல வாழையிலை அங்கேதான் வரும். பணம் கட்டுகிற இடத்தில் எங்களுக்கு முன்னால் வசந்தி அக்கா நின்றார். கூடையில் வாழையிலை, வாழைக்காய், பாகற்காய், பூசணிக்காய், எள்ளு.

கடைக்காரப் பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. "அன்ரி வருசா வருசம் இந்த நேரம் வந்திடுவா. பாகற்காய் நல்லதாப் பார்த்து எடுத்து வைச்சனான் அன்ரி."

ஆரணி சிரித்துக்கொண்டு, "அன்ரி, உங்கட வீட்டிலையும் திவசமா? ஆருக்கு?" என்று கேட்டாள்.

வசந்தி அக்கா என்னைக் கண்டார். கையில் இருந்த இலைச் சுருளைக் கூடைக்குள் ஆழமாக அமத்தினார்.

"என்ர ஐயாவுக்கு," என்றார்.

அவருடைய தகப்பனாரின் திவசம் மாசி மாதம். பனி கொட்டக் கொட்ட நானே எத்தனையோ தரம் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனியில் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனித் தேய்பிறை அட்டமியில் செத்தது ஒரே ஓர் ஆள்தான், அது என் மனுசன். வசந்தி அக்கா காசைக் கட்டிவிட்டு மிச்சத்தை வாங்காமலே வெளியே போனார்.

நான் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுவிட்டேன். ஞாபகமில்லை என்று சொன்ன பெண் ஒவ்வொரு வருடமும் என் மனுசனுக்கு இலை போட்டிருக்கிறாள். சரியான நாளில், சரியான காய்கறியோடு. அவளுக்கு எல்லாம் ஞாபகம். குசினிக்குள் உண்மையை வைத்திருந்து என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறாள். எனக்கு நன்றியும் வந்தது, அதைவிடக் கூடக் கோபம் வந்தது.

"அம்மா, வாட் ஹாப்பன்ட்?" என்றாள் ஆரணி.

வீட்டுக்கு வந்து சமைத்துப் படைத்துக் காகத்துக்கு வைத்தோம். பால்கனியில் காகம் வராது, கடற்புறா வந்து தின்றது. அது தின்று முடியும்வரை நின்றுவிட்டு மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். படலை, தையல் மெசின், ஓட்டோ, அரை நிலா. அவள் லாப்டொப்பை மூடி வைத்தாள்.

"ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"பேப்பர்," என்றேன். "பிடிச்சால் என்ன செய்யிறது?"

"அம்மா. நாங்கள் சிட்டிசன்." சிரிக்கப் போனவள் அழுதாள். சிறி அண்ணை எழுதிக் கொடுத்ததைக் கைத்தொலைபேசியில் திறந்து இன்னொரு முறை வாசித்தாள். பிறகு, "ஐ வில் சே இட். நான் சொல்லுறன்," என்றாள்.

6

சனிக்கிழமை மண்டபத்தில் நல்ல சனம். முன்னால் படங்களை வரிசையாக வைத்து மாலை போட்டிருந்தார்கள். நடுவில் தவம். அந்த நெருப்பு வானத்தோடு.

ஆரணி சேலை கட்டி வந்திருந்தாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் அறிவுக்கு எட்டினபடி தருகிறேன். என் அப்பா சண்டை பிடிக்கவில்லை. அவர் உழவு மெசின் ஓட்டினவர். இந்த மண்டபத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எங்களை எடுக்கத் திரும்பி வந்தார். ரோட்டு பாதுகாப்பு, காத்திருங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். காவல் நின்றவர்கள் எங்களுக்குச் சொல்லாமல் போய்விட்டார்கள். அப்பா செத்தது வெற்றி நாளில் அல்ல.

பின்வரிசையில் நின்ற இளம் பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே இறக்கினார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் ஆளை ஆள் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த என் வயதுக்காரர்களும் மூத்தவர்களும் பிள்ளை நல்லாய்க் கதைக்கிறாள் என்று தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சிறி அண்ணை வந்து மெதுவாக அவள் கையில் இருந்து ஒலிவாங்கியை வாங்கினார். அதே குரல்.

"எங்கள் செல்வி ஆரணி உணர்ச்சி பொங்க என்ன சொன்னார் என்றால், தன் தந்தை கடைசிவரை அந்த ரோட்டை விட்டு அகலாமல் போராளிகளுக்குத் தோள் கொடுத்தார், அந்த வெற்றியில் அவருடைய இரத்தமும் இருக்கிறது, அதை எண்ணிப் பெருமைப்படுகிறேன் என்றார்."

மண்டபம் கைதட்டியது. எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"அங்கிள், நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றாள் ஆரணி. ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. அவள் சொன்னது மூன்றாவது வரிசைக்கு மேல் போகவில்லை. அதற்குள் நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள், சின்னப்பிள்ளைகள் சலங்கையோடு மேடைக்கு ஓடினார்கள்.

நான் எழும்பினேன். நடுவழியால் நடந்து முன்வரிசைக்குப் போனேன். முழங்கால் வலி அன்று எங்கே போனதோ தெரியாது. வசந்தி அக்காவுக்கு முன்னால் நின்று, பாட்டையும் தாண்டிக் கேட்கக்கூடியதாகக் கத்தினேன்.

"அக்கா, புதன்கிழமை நீங்கள் ஆருக்கு இலை போட்டனீங்கள்?"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். மேடையில் பிள்ளைகள் அபிநயம் பிடித்த கையோடு நின்றார்கள். வசந்தி அக்கா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மேடையில் நின்ற மனுசனைப் பார்த்தார். அவருடைய நெஞ்சு இழுப்பு வந்தது போல ஏறி இறங்கியது. இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் படைத்தவர், ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று நினைத்தேன்.

"என்ர ஐயாவுக்கு," என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் அவர் முன்னால் இருந்து விலகினேன்.

ஆரணி மேடையில் இருந்து இறங்கினாள். என்னிடம் வரவில்லை. படங்கள் வைத்திருந்த மேசைக்குப் போய் நடுவில் இருந்த படத்தைத் தூக்கினாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தொண்டர் பெடியன் ஒருவன் ஓடி வந்தான்.

"அக்கா, அது கொமிற்றியின்ர படம். நிகழ்ச்சி முடிய எடுக்கலாம்."

"இது என்ர அப்பா," என்றாள் அவள், தமிழில். "நான் வீட்டை கொண்டுபோறன்."

அவன் விலகினான். அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். வாசல்வரை நடந்தோம். எங்களுக்குப் பின்னால் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது, வேறு சிலரும் எழும்பியிருக்க வேண்டும். சிறி அண்ணை உடனே ஒலிவாங்கியைப் பிடித்தார். நிகழ்ச்சி முடியவில்லை, பின்னால் சாப்பாடு ஒழுங்கு செய்திருக்கிறோம், தயவுசெய்து இருங்கள், ஒருவரும் வெளிக்கிட வேண்டாம் என்றார்.

நாங்கள் வெளிக்கிட்டோம்.